ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் இரண்டு டம்ளர் மோரும்

மயிலாப்பூரில் என் முறுக்குக் கடைக்கு மேலே ஓர் அறை சும்மா கிடந்தது. ஞாயிறு காலையில் சின்னக் கடைக்காரர்கள் ஆறு பேர் அங்கே கூடலாம் என்று ஆரம்பித்தவள் நான்தான். தொழில் கஷ்டத்தை வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள், பக்கத்துக் கடையில் சொன்னால் சிரிப்பார்கள். நமக்குள் சொல்லிக்கொள்வோமே என்று நினைத்தேன். இங்கே பேசுவது வெளியே போகக் கூடாது என்ற ஒரே விதியையும் நானே போட்டேன்.

முதல் நாலு வாரம் எல்லோரும் ஜிஎஸ்டியையும் மழையையும் திட்டினோம். ஐந்தாவது வாரம், கோட்டூர்புரத்தில் அடுக்குமாடி வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் அக்கா வாய் திறந்தாள்.

"காய்ச்சல் வந்ததிலேர்ந்து எனக்கு வாசனையும் தெரில, ருசியும் தெரில. ஒரு வருசமா இப்டியேதான் கீது. கைப்பழக்கத்துல உப்பு போட்டுக்கினு கீறேன். யார்கிட்டயும் சொல்லல."

அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் ஓடிப்போய் டீ வாங்கி வந்தார்.

பத்து நாள் கழித்து, அவள் சாப்பாடு கொடுக்கும் குடியிருப்பின் செயலாளர் அம்மா முறுக்கு வாங்க வந்தார். பொங்கல் விழாச் சமையலை அக்காவிடம் கொடுக்கலாமா என்று கேட்டார். நான் சமையல் ஆர்டர் பிடிக்க அலைந்துகொண்டிருந்த நேரம் அது.

"நல்லா சமைப்பாங்க. பாவம், அவங்களுக்கு உப்பு உறைப்புதான் தெரியாது" என்றேன். அந்தப் 'பாவம்' என் வாயில் தானாக வரவில்லை. யோசித்துத்தான் சேர்த்தேன்.

அடுத்த ஞாயிறு அக்கா உட்காரக்கூட இல்லை.

"அந்த அபார்ட்மென்ட் பொம்பளைங்க ரெண்டு டம்ளர்ல மோர் வெச்சாங்க. எதுல உப்பு கீதுன்னு சொல்லுன்னாங்க. சுத்தி நின்னுக்கினு பாத்தாங்க. ஒண்ணைக் காட்டுனேன். சிரிச்சாங்க. ரெண்டுலயுமே உப்பு இல்லியாம்."

எல்லோரும் ஜெராக்ஸ் கடைக்காரரைப் பார்த்தார்கள். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஓயாமல் பேசுகிற மனிதர். "நான் இல்லம்மா, என் பொண்ணு மேல சத்தியம்" என்றார். சத்தியம் செய்யச் செய்ய இன்னும் திருடன் மாதிரித் தெரிந்தார்.

"நீயே சொல்லும்மா" என்று அக்கா என்னைப் பார்த்தாள்.

நான் போனை எடுத்து, ஜெராக்ஸ் கடைக்காரரின் கண்ணெதிரிலேயே எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை நீக்கினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாச்சும் எனக்கு கீறியே" என்றாள். கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குத் தூக்கம் வராமலெல்லாம் இல்லை.

பொங்கல் ஆர்டர் எனக்கு வந்தது. வேலைக்கு ஆள் பற்றாமல் அக்காவையே கூப்பிட்டேன். அதே குடியிருப்பின் பின்பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காலையிலிருந்து காய் நறுக்கினாள். சாப்பிட வந்த பெண்களை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

செயலாளர் அம்மா என்னிடம் வந்து, "அவளுக்கும் ஒரு வேலை போட்டுக் குடுத்திருக்கீங்களே, இந்த மனசு யாருக்கு வரும்?" என்றார்.

நன்றி சொன்னேன்.