டிராயிங் சார் வரையச் சொன்ன கால்கள்

அம்மாவின் பாதத்தில் எப்போதும் ஒரு மினுமினுப்பு இருக்கும். பட்டாசுக் கம்பெனியின் அலுமினியத் தூள் காலில் ஒட்டிவிட்டால் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது; குதிகால் வெடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, விளக்கு வெளிச்சத்தில் மீன் செதில் போல மின்னும். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் "வெள்ளி". "வெள்ளிக் காலோட பாயில ஏறாத" என்று அப்பா சத்தம் போடுவது எங்கள் வீட்டில் அன்றாடம் கேட்கிற பேச்சு. அந்தக் காலை நான் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்து வரைந்திருந்தால், ஒரு நல்ல மனிதருக்கு அவர் செய்யாத தப்புக்காகக் கெட்ட பெயர் வந்திருக்காது. இத்தனை வருடமாக அவரைத் தவிர வேறு யாரிடமும் இதை நான் சொல்லவில்லை.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம்தான் டிராயிங் சார் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவருக்கு முன்னால் இருந்தவர் தாமரைப்பூ, கிளி, இரண்டு மலைக்கு நடுவில் சூரியன், இந்த மூன்றை வைத்தே வருடத்தை ஓட்டிவிட்டுப் போனவர். இவரோ வந்த முதல் நாளே மேசையை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு, நடுவில் வந்து கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவர் மாதிரி குனிந்து நின்றுகொண்டு, "என்னைய வரைங்க" என்றார். ஒரு பக்கக் கம்பி உடைந்து கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, சாய்ந்த வலது தோள், சாக்பீஸ் படிந்த வேட்டி. மூக்கில் ஈ வந்து உட்கார்ந்தபோதும் அவர் அசையவில்லை. நாங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்த பிறகுதான் வரையவே ஆரம்பித்தோம். அடுத்த வகுப்பில் லோடு தூக்குகிறவராக நின்றார். அதற்கடுத்து, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவராக. எங்கள் பென்சில் ஒவ்வொன்றையும் வாங்கி பிளேடால் அவரே சீவிக் கொடுப்பார். பிரம்பு என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாதோ என்று நாங்கள் பேசிக்கொள்வோம். வாரத்தில் இரண்டு பீரியடுக்காக மற்ற நாட்களைச் சகித்துக்கொண்ட பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

ஆனால் அவரிடம் ஒரு விநோதம் இருந்தது. எல்லாருக்கும் அவர் கொடுத்த வீட்டுப்பாடம் ஒன்றேதான்: வீட்டில் கம்பெனிக்குப் போகிற ஆளின் காலை, நேரில் பார்த்து, ரேகை வரைக்கும் விடாமல் வரைந்துகொண்டு வர வேண்டும். கீழே அது யாருடைய கால், எந்தத் தெரு என்று எழுத வேண்டும். அந்த நோட்டுகளை அவர் எங்களிடம் திருப்பிக் கொடுத்ததே இல்லை. வகுப்பு மூலையில் இருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வார். காலையில் கம்பெனி வேனுக்காகப் பெண்கள் சாப்பாட்டு வாளியோடு காத்திருக்கிற இடத்துக்கும் வந்து, புழுதியில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவர்களுடைய கால்களை வரைவார். "மூஞ்சிய வரையவே மாட்டீகளா சார்? நாங்க என்ன அம்புட்டு அசிங்கமாவா இருக்கோம்?" என்று அவர்கள் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார், ஆனால் கை நிற்காது.

இன்னொன்றும் உண்டு. அங்கே வளர்ந்த யாருக்கும் அந்தச் சத்தம் பழக்கம். தூரத்தில் எங்கோ "டமார்" என்று கேட்டதும் பாடம் நின்றுபோகும். எல்லாரும் ஜன்னலுக்கு ஓடி, புகை எந்தத் திக்கில் எழும்புகிறது, அந்தப் பக்கம் யார் வீட்டு ஆள் வேலைக்குப் போயிருக்கிறது என்று கணக்குப் போடுவோம். டிராயிங் சார் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டார். இரும்பு பீரோவைப் பார்ப்பார். அவர் கை தானாக இடுப்புச் சாவியைத் தொடும். அப்போது அது எனக்கு வேடிக்கையாக மட்டுமே இருந்தது.

அம்மாவின் காலை வரைய எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், வெட்கமாக இருந்தது. பாளம் பாளமான வெடிப்பு, நகத்தில் பட்டாசு மருந்தின் பச்சைக் கறை, குதிகாலுக்கு மேலே எப்போதோ சுட்ட தழும்பு. தீபாவளி சீசன் வேறு, இருட்டின பிறகு வந்து அடுப்பைப் பற்ற வைக்கிறவளிடம் காலை நீட்டி உட்கார் என்றால், "காலக் காமிச்சுட்டு ஒக்காந்தா ஒலைய யாரு வைப்பா?" என்பாள். நான் காலண்டரில் இருந்த லட்சுமியின் பாதத்தைப் பார்த்து வரைந்து கொண்டுபோனேன். அதைப் பார்த்ததும் சாருக்கு முகம் மாறியது. அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இது நடந்து பழகிய கால் இல்லை, பொய்க் கால், பொய் வரைவதாக இருந்தால் என் வகுப்புக்கே வராதே என்றார். அத்தனை பேர் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு சுந்தரிச் சித்தியின் எதிரே போய் உட்கார்ந்தேன். சித்தியும் அம்மாவும் ஒரே கம்பெனி, மருந்து அடைக்கிற ஒரே ரூம். ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே உடம்புவாகு. கால் மட்டும் வேறு. பெருவிரலைவிட நீண்ட இரண்டாம் விரல், கணுக்காலில் மிளகளவு மச்சம், மருதாணி. அவளுடைய ஆறு வயது மகன் முத்துவை மடியில் போட்டுப் பேன் பார்த்தபடி, பொழுது சாய்கிற வரைக்கும் எனக்காகக் காலை அசைக்காமல் வைத்திருந்தாள். அதுவரை நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான். வரைந்து முடித்துக் கீழே "அம்மா" என்று எழுதினேன். சார் வெகுநேரம் அதைப் பார்த்தார். "இது பாத்து வரைஞ்சது" என்று சொல்லி என் தலையில் கை வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. படம் உண்மை, பெயர்தானே பொய், இதனால் யாருக்கு என்ன வந்துவிடும் என்று நினைத்தேன்.

புரட்டாசி கடைசி வாரத்தில் ஒரு நாள், முதல் பீரியடு முடிகிற நேரத்தில், ஜன்னல் கம்பி அதிர்கிற மாதிரி சத்தம் கேட்டது. புகை எழுந்தது அம்மாவின் கம்பெனி இருக்கிற திக்கில். சார் பீரோவைத் திறந்து, கையில் சிக்கிய நோட்டுகளையெல்லாம் ஒரு துண்டில் மூட்டையாகக் கட்டிச் சைக்கிளில் வைத்தார். பல நாள் பழகி வைத்திருந்த வேலையைச் செய்கிற மாதிரி, அவரிடம் ஒரு தடுமாற்றமும் இல்லை. அதைப் பார்த்ததும் நான் பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

அரசு ஆஸ்பத்திரிக்கு அப்பாவோடு நானும் முத்துவும் போனோம். அவனை வீட்டில் விட ஆள் இல்லை. அவனுடைய அப்பா, எங்கள் சித்தப்பா, லாரியில் தூத்துக்குடிக்கு லோடு கொண்டுபோயிருந்தார். அந்த ரூமில் அன்றைக்கு இருந்தது இரண்டே பேர், அம்மாவும் சித்தியும். ஒருத்தி வார்டில், முகமும் கையும் காலும் துணி சுற்றி, நினைவில்லாமல் கிடந்தாள். இன்னொருத்தியைத் தனியாக வைத்து மூடியிருந்தார்கள். யார் எவர் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. கம்பெனிக்குள் உலோகம் உரசினால் தீப்பொறி வரும் என்று மெட்டி, கொலுசு, வளையல் எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார்கள். சேலைக்கு மேல் போட்டுக்கொள்கிற பழைய ஆம்பளைச் சட்டையும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி. மூடியிருந்தவளுக்குக் கால் மட்டும் சேதமில்லாமல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, தனக்குத் தெரியவில்லை என்றார். பதிமூன்று வருடம் கூட வாழ்ந்தவளின் கால் தனக்குத் தெரியவில்லையே என்று சுவரில் முட்டிக்கொண்டார்.

நோட்டு மூட்டையோடு வந்திருந்த சார் உள்ளே போனார். திரும்பி வரும்போது என் நோட்டு அவர் கையில் விரிந்திருந்தது. அப்பாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, "ஒங்க வீட்டுக்காரம்மாதாங்க" என்றார்.

அப்பா போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. ஆனால் நான் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். நீண்ட இரண்டாம் விரல், மிளகளவு மச்சம். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அம்மா சாகவில்லை என்ற சந்தோஷம், ஒரு நொடி, உடம்பு முழுக்க. அடுத்த நொடி என் பக்கத்தில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்த முத்து, "அப்ப எங்கம்மா வார்டுல இருக்காகளாக்கா?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் போனதில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னால் சித்தி செத்துவிடுவாள். சொல்லாவிட்டால் அம்மா எங்களுக்கு இல்லை. பதினோரு வயதில் அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை. மத்தியானம் சித்தப்பா வந்துவிட்டார். வார்டுக்குள் ஓடி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு "சுந்தரி, சுந்தரி" என்று கூப்பிட்டார். பிழைத்துவிடுவாள் என்று நர்சம்மா சொன்னதும், ஆஸ்பத்திரி வாசலிலேயே தரையில் விழுந்து இருக்கன்குடி இருக்கிற திக்கைப் பார்த்து மாரியம்மனைக் கும்பிட்டார். அங்கே அப்பா, மூடியவளை ஊருக்குக் கொண்டுபோக ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

பொழுது இறங்கும் நேரத்தில் சார் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பின்னால் நின்றேன். அது அம்மா கால் இல்லை, சித்தி கால் என்றேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். குழாயை மூடக்கூடத் தோன்றாமல், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, என்னையே பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அக்காவும் இப்படி ஒரு ரூம்லதான் போனா தாயி. மூடிக் குடுத்தாக, கொண்டுபோயி எரிச்சேன். அது அக்காதானான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதான் காலு காலுன்னு ஒங்க உசுர எடுத்தேன்."

பிறகு நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார். "நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நான் தப்பாப் பாத்துட்டேன், அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அப்படித்தான் அவர் அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் சொன்னார். நோட்டு மாறிவிட்டது, கண்ணும் சரியில்லை, தப்பு என்னுடையது என்றார். வார்டில் கண் விழித்திருந்தவளிடம் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் வீட்டுக்காரியா நீ, ஆமென்றால் கண்ணை மூடித் திற என்று நர்சம்மா கேட்டார்கள். அம்மா மூடித் திறந்தாள். சித்தப்பா வெளியே வந்து சாரை அறைந்தார். கண்ணாடி கீழே விழுந்தது. சார் அதை எடுத்துக் கயிற்றைச் சரிசெய்து மாட்டிக்கொண்டு, இன்னும் அடிப்பதென்றால் அடியுங்கள் என்கிற மாதிரி அங்கேயே நின்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஊர் அவரை விடவில்லை. காலை வரைந்து வரைந்தே ஆளைக் காவு கொடுத்தவன் என்றார்கள். வேன் நிற்கிற இடத்துக்கு வந்தால் பெண்கள் சேலையால் பாதத்தை மூடிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்குத் திரண்டு வந்து நோட்டுகளை வாங்கிப்போய் அவரவர் அடுப்பில் போட்டார்கள். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பே அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போன ஊரில் தாமரைப்பூவும் கிளியும் மட்டும் சொல்லிக்கொடுக்கிறார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட அன்று நான் அழுததுபோல் பிறகு எதற்கும் அழவில்லை.

அம்மா நான்கு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். "சுந்தரி சுந்தரின்னு ஒங்க சித்தப்பா அழுதாரு. நான் சுந்தரி இல்லய்யான்னு சொல்ல நாக்கு வரல" என்று இப்போதும் சொல்வாள். சொல்லிவிட்டு, அந்த வாத்தியாருக்குக் கண்ணா அவிந்துபோனது என்று வைவாள். நான் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

இப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் போடுகிறேன், எல்லாம் கம்ப்யூட்டரில். கம்பி மத்தாப்புப் பிடித்துச் சிரிக்கிற பெண்களுக்குக் கால் தேவைப்படுவதில்லை; இடுப்போடு வெட்டிவிடுவோம். எங்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் பீரியடு இல்லை. இரும்பு பீரோவும் இல்லை. வேன் நிற்கிற இடத்தில் பெண்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த வேனை ஓட்டுகிறவன் முத்து. அவன் மனைவியும் அதே வேனில்தான் கம்பெனிக்குப் போகிறாள்.

போன மாதம் டிராயிங் சார் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. வாசலில் நின்று முத்துவிடம் சொன்னேன். "அந்த ஆளால ஒரு பகல் முழுக்க எங்கம்மா உசுரோட இருக்காகன்னு நம்பிக்கிட்டு இருந்தேன்க்கா" என்றான். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். இதுவரை எழுதியதை முதலில் அவனிடம்தான் படிக்கக் கொடுத்தேன்.

நான்கு நாள் அவன் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. வேன் வாசலைத் தாண்டிப் போகும். ஹாரன் அடிக்க மாட்டான். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மனைவியை அழைத்துக்கொண்டு வந்தான். தாள்களை என் கையில் கொடுத்தான். அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் அவள் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"இவ கால வரைஞ்சு குடுக்கா. பேர நான் எழுதிக்கிடுதேன்."