ஓவர் சொல்லும் வரை

என் வீட்டுக்காரர் மெதுவாகப் பேசுகிறவர். திக்குவாய் இல்லை. அவசரம் இல்லை, அவ்வளவுதான். "நாளைக்கு" என்று ஆரம்பித்து அடுத்த வார்த்தைக்கு அவர் வந்து சேர்வதற்குள், "பாலக்கோடா ஓசூரா? ஓசூர்னா மத்தியானம் சோறு வேணாமில்ல?" என்று நான் கேட்டு, பதிலையும் நானே சொல்லி, உலையில் போடும் அரிசியையும் குறைத்திருப்பேன். அவர் அண்ணனும் அண்ணியும் என்னைவிட வேகம். மாரண்டஹள்ளியில் என் வீட்டுக்காரர் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார். அங்கே வருகிற தக்காளிக்காரர்கள்கூட அவர் ஆரம்பித்ததை முடித்துவைத்துவிட்டுத்தான் சாமான் கேட்பார்கள். அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. கோபிக்கவும் ஒரு வாக்கியம் முழுசாக வேண்டுமே.

அப்படிப்பட்டவர் ஒருநாள் ஓசூருக்குச் சரக்கு எடுக்கப் போய், மொத்த வியாபாரி வீட்டு மாடியில் ஒரு ரேடியோவைப் பார்த்துவிட்டு வந்தார். பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, பேசுகிற ரேடியோ. வியாபாரி மைக்கைப் பிடித்து இலங்கையில் யாரோ ஒருவரிடம் அங்கே மழையா என்று கேட்டிருக்கிறார். மழைதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். இதைப் பார்த்துவிட்டு வந்த மனிதருக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

"அதுல... ஒருத்தர் பேசறப்ப... அவரு ஓவர் சொல்ற வரைக்கும்... யாரும் குறுக்க..."

"எந்தக் கட்சி மீட்டிங்ல?" என்றேன் நான்.

அவர் விளக்கியதை நான் சுருக்கிச் சொல்கிறேன். அமெச்சூர் ரேடியோ என்று பெயர், ஹாம் என்றும் சொல்வார்கள். அரசாங்கம் வைக்கிற பரீட்சையில் பாஸ் செய்து லைசென்ஸ் வாங்கினால் வீட்டில் செட் வைத்துக்கொண்டு, லைசென்ஸ் உள்ள மற்றவர்களோடு பேசலாம். சிம் கார்டு வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். மைக்கில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். ஒருவர் அழுத்திப் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் என்ன கத்தினாலும் அது அவர் காதில் விழாது. அவர் 'ஓவர்' என்று சொல்லிப் பொத்தானை விட்டால்தான் அடுத்தவர் வாய் திறக்க முடியும்.

"மழையா வெயிலான்னு கேக்க செல்போன் இருக்குதே?"

"செல்போன்ல... நீ..."

"நான் குறுக்க பேசுவேன். அதானே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவருக்கு வேண்டியது இதுதான். குறுக்கே யாரும் வராத ஒரு முறை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது, அதனால் நான் தடுக்கவில்லை.

பரீட்சைக்குப் புத்தகம் வந்தது, எல்லாம் இங்கிலீஷ். கடை மூடியபிறகு நான் கேள்வி கேட்பேன், அவர் பதில் சொல்வார். சொல்ல நேரமானால் நானே சொல்லிவிடுவேன். பிளஸ் டூவில் சயின்ஸ் படித்தவள், ஞாபகசக்தி நன்றாக இருக்கும். சென்னையில் பரீட்சை என்றானதும், "அவ்ளோ தூரம்... சும்மா எதுக்கு வர்ற... துணைக்கு... நீயும் எழுது" என்றார். துணைக்குக் கோயிலுக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நான் துணைக்குப் பரீட்சைக்குப் போனேன்.

நான் பாஸ். அவர் ஃபெயில்.

பரீட்சையில் இரண்டு பகுதி. மின்சாரம், ஆன்டெனா பற்றியது ஒன்று. அதில் அவர் என்னைவிட நல்ல மார்க். இன்னொன்று சட்டதிட்டம். சட்டம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள், எப்படி இருக்க வேண்டும் என்று அவர் பதில் சொல்லிவிட்டு வந்திருந்தார். லைசென்ஸ் இல்லாத நண்பர் வீட்டுக்கு வந்தால் உங்கள் செட்டில் பேச விடலாமா என்று ஒரு கேள்வி. பேச விடலாம் என்று குறித்திருக்கிறார்.

"வூட்டுக்கு வந்தவர... வாயத் தொறக்காதன்னு சொல்றது... மரியாதையா?"

கம்ப்யூட்டர் மரியாதையைப் பார்க்கவில்லை. திரும்ப எழுதுங்கள் என்று சொன்னேன். அந்த ரூலே தப்பு, அதை மாற்றட்டும், பிறகு எழுதுகிறேன் என்றார்.

லைசென்ஸ் தருவதற்கு முன்னால் போலீஸ் விசாரணைக்கு ஒருவர் வந்தார். யார் பெயரில் விண்ணப்பம் என்று பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரரைத் தாண்டி என்னிடம், "வெளிநாட்டுல யார்கிட்டம்மா பேசப் போறீங்க?" என்றார். தெரியாதவர்களிடம் என்றேன். என்ன பேசுவீர்கள் என்றதற்கு மழையைப் பற்றி என்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பரிதாபமாகப் பார்த்தார். மோர் குடித்துவிட்டுப் போனார். சில மாதம் கழித்து லைசென்ஸ் வந்தது, அதில் எனக்கென்று நாலைந்து எழுத்து சேர்ந்த ஓர் அழைப்புக்குறி, ரேடியோவில் அதுதான் என் பெயர். என் பெயரில் லைசென்ஸ் என்பதால் செட்டும் என் பெயரில்தான் வாங்க முடிந்தது.

மற்றதெல்லாம் என் வீட்டுக்காரர் செய்தது. மொட்டைமாடியில் இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியிலிருந்து செம்புக் கம்பியை ஒரு பக்கம் தென்னை மரத்துக்கும் மறுபக்கம் மாட்டுக்கொட்டகைக்கும் இழுத்தார். நடுவில் இணைக்கிற இடத்தில் மழை புகாமல் கடையிலிருந்தே பிவிசி மூடி கொண்டுவந்து மாட்டினார். தென்னையில் அவரேதான் ஏறினார். துணி காயப்போட ஏன் இவ்வளவு உயரம் என்று அண்ணி கேட்டார். அவர் பதில் சொல்ல ஆரம்பித்தபோது அண்ணி வீட்டுக்குள் போயிருந்தார்.

தினமும் காலையில் பால் கறந்து முடிகிற நேரத்துக்கு ஏழு மெகாஹெர்ட்ஸில் ஒரு கூட்டம் சேரும், நெட் என்பார்கள். சேலம் பக்கத்துக்காரர் ஒருவர் பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் நாம் அழைப்புக்குறியைச் சொல்லி, நம் ஊர் வானிலையைச் சொல்லி, அவர் சத்தம் எவ்வளவு தெளிவு என்று சொல்ல வேண்டும். ஃபைவ் நைன் என்றால் பிரமாதம். முதல் நாள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் நாள் ஒட்டவில்லை. அந்த உலகத்தில் பெண் எந்த வயதாக இருந்தாலும் 'யங் லேடி', ஆண் பொடியனாக இருந்தாலும் 'ஓல்டு மேன்'. இந்த ஏற்பாட்டைச் செய்த மகராசன் யாரோ, நல்லா இருக்கட்டும். மண்டியாவிலிருந்து ஒருவர் கன்னடத்தில் பேசுவார், எல்லையோரத்தில் வாழ்க்கைப்பட்ட நான் கன்னடத்திலேயே பதில் சொல்வேன். தக்காளிக்கு மருந்தடிக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் எனக்கு அந்த நாற்காலிதான் என்றாகிவிட்டது.

என் பக்கத்தில் ஸ்டூலில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். லைசென்ஸ் இல்லாதவர், பேசக்கூடாது. ஆன்டெனா என்ன உயரம் என்று யாராவது கேட்டால் துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டுவார், நான் படிப்பேன். கொஞ்ச நாளில் கேட்காத விஷயத்தையும் எழுத ஆரம்பித்தார். 'ஓசூர்க்காரருக்கு என் வணக்கம் சொல்.' 'மண்டியாவில் கரும்புக்குச் சொட்டுநீர் எப்படிப் போடுகிறார்கள் என்று கேள்.'

நான் படிக்கவில்லை. பொத்தானை விட்டுவிட்டு அவரிடம் திரும்பினேன். "ரூல் இருக்குதுங்க. லைசென்ஸ் வச்சிருக்கறவங்க அவங்க சொந்த விஷயத்ததான் பேசணும். மூணாம் மனுஷரோட சேதிய வாங்கி அனுப்பக்கூடாது."

"யாரு... மூணாம் மனுஷன்?"

"சட்டப்படி சொல்றேன்."

"எங்கூட்ல... நான் கட்டுன ஆன்டெனாவுல... நான்..."

"மூணாம் மனுஷர்தான். நான் என்ன பண்றது? பரீட்சையில பாஸ் பண்ணியிருந்தா ரெண்டாம் மனுஷர் ஆயிருப்பீங்க."

சொன்னது சட்டப்படி சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போனார். மறுநாள் ஸ்டூல் காலியாக இருந்தது. அதற்கு மறுநாளும். சீக்கிரமே அதன் மேல் வெங்காயக் கூடை வந்து உட்கார்ந்துகொண்டது.

காலையில் நெட் ஆரம்பிக்கும் சத்தம் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். அத்தனை சீக்கிரம் கடையில் ஈ காக்கை இருக்காது. எனக்கு ரேடியோவில் நாளுக்கு நாள் பேர் கூடிக்கொண்டிருந்தது. "மேடம், உங்க சிக்னல் கல்லு மாதிரி இருக்கு, ஆன்டெனா சூப்பர்" என்பார்கள். எங்க வீட்டுக்காரர் கட்டியது என்பேன். நல்லது மேடம் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத என் கையில் மைக், பேச ஆசைப்பட்ட மனிதர் பூட்டிய கடை வாசலில். பசித்தவனுக்குப் பரிமாறுகிறேன் என்று சொல்லிவிட்டு நானே சாப்பிட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. நாற்காலியை விடவும் மனசு வரவில்லை.

சித்திரையில் ஒரு சாயங்காலம் காற்றும் மழையுமாக அடித்தது. தென்னையிலிருந்து மட்டை விழுந்து கம்பி அறுந்தது. காலையில் செட்டைப் போட்டால் வெறும் கொரகொர. அவர் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மரமேறும் கயிற்றை எடுத்து வாசலில் வைத்தார். பகையிலும் கடமை தவறாதவர்.

"ஏற வேணாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க பரீட்சை எழுதி பாஸ் பண்ற வரைக்கும் அது கீழயே கெடக்கட்டும். நானும் பேசல."

"எனக்கு... வேணாம்னு..."

"வேணாம்னா கம்பியும் வேணாம்."

சொல்லிவிட்டேனே தவிர, காலையில் அந்த நேரம் வந்தால் கை பரபரக்கும். சேலம்காரர் இப்போது யாரைக் கூப்பிடுகிறாரோ என்று பால் செம்போடு நின்றுகொண்டிருப்பேன். அவரும் அசையவில்லை. சோறு, குழம்பு, தண்ணி மோட்டார் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டம், ஆனாலும் மூடிக்கொண்டிருந்தேன். அறுந்த கம்பியின் மிச்சத்தில் அண்ணி துணி காயப்போட்டார். முதலிலேயே இந்த உயரத்தில் கட்டியிருக்கலாம் என்று பாராட்டினார்.

ஆடி முடிகிற சமயம், ஒருநாள் சாப்பிட்டு எழுந்தவர் பரணிலிருந்து அந்தப் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டி என் முன்னால் வைத்தார். நான் சட்டப் பகுதியைப் பிரித்துக் கேள்வி கேட்டேன். அவர் யோசித்தார். பதில் என் நுனிநாக்கில் நின்றது, விழுங்கினேன். ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் நான் கீரையே ஆய்ந்துவிடலாம், ஆய்ந்தேன். லைசென்ஸ் இல்லாத நண்பர் வந்தால் பேச விடலாமா என்று கேட்டேன். "கூடாது" என்றார். ரொம்ப நேரம் கழித்து, "தப்பு... ஆனா கூடாது" என்றார். அதுபோதும் என்றேன். இந்தத் தடவை சென்னைக்குத் தனியாகப் போனார்.

அவர் லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே தென்னையில் ஏறினார். மறுநாள் காலை நான் வெங்காயக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். நாற்காலியில் அவர். அது என் நாற்காலி என்ற நினைப்பு எனக்கு இருந்தது, அதை வெளியே காட்டவில்லை. நெட்டில் புதியவர்கள் யாராவது உண்டா என்று சேலம்காரர் கேட்டார். என் வீட்டுக்காரர் பொத்தானை அழுத்தினார். தன் அழைப்புக்குறியை எழுத்து எழுத்தாக, நடுவில் ஒருவர் நடந்துபோகிற அளவு இடைவெளி விட்டுச் சொன்னார். ஊரைச் சொன்னார்.

"வாங்க, வாங்க. அந்த ஊர்ல நம்ம மேடம் ஒருத்தங்க இருந்தாங்களே, ரொம்ப நாளா சத்தமே இல்ல. நல்லா இருக்காங்களா? ஓவர்."

"நல்லா... இருக்காங்க. என் வூட்டம்மாதான்." நிறுத்தினார். அந்தப் பக்கம் எத்தனை பேர் காத்திருந்தார்களோ, ஒருவரும் குறுக்கே வரவில்லை, வரவும் முடியாது. தென்னை மட்டை விழுந்ததைச் சொன்னார். எந்தப் பக்கக் கம்பி அறுந்தது, பழைய முடிச்சில் என்ன கோளாறு, புது முடிச்சு எப்படி என்று ஒன்றொன்றாகச் சொன்னார். எல்லாவற்றையும் நான் ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"கம்பி அறுந்து கெடந்த இத்தன நாளும்... இவங்க ரேடியோவுலயும் பேசல... எங்கிட்டயும் பேசல. வூடு..."

நின்றுவிட்டார். 'வூடு நிம்மதியா இருந்துச்சுங்க' என்று நான் மனசுக்குள் முடித்துவிட்டேன். அதைத்தான் சொல்லப்போகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊர் உலகமே கேட்கச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் விரல் பொத்தானிலேயே இருந்தது. வெளியே கன்றுக்குட்டி கத்திவிட்டு ஓய்ந்தது.

"வூடு... வூடாவே இல்லீங்க" என்றார். "ஓவர்."

கல்யாணமானதிலிருந்து நான் முடித்துவைத்த மற்ற வாக்கியங்களெல்லாம் எப்படி முடிந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு யோசனை வந்தது.