கரைவலைக் குரல்

விழிஞ்ஞம் கடற்கரையில் கரைவலை இழுக்கிறார்கள். முன்னால் நிற்பவர் “ஹோய் தய்யா” என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடியபடி இழுக்கிறார்கள். நாலு வருடத்துக்கு முன்பு இதே குரலைப் போனில் பதிந்துகொண்டு போய், ஒரு சினிமாப் பாட்டுக்குப் பல்லவியாக வைத்தேன். இவர்களில் யாரிடமும் கேட்கவில்லை. அப்புறம் தெலுங்கிலும் இந்தியிலும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

கயிறு சுருட்டிக்கொண்டிருக்கும் மரியதாஸ் என்னிடம் பேச்சுக் கொடுக்கிறார்.

“நாங்க வலை இழுக்கிய வீடியோ நெட்டுல போட்டோம் அண்ணா. சவுண்ட கட் பண்ணிட்டான். நாங்க விளிச்சது ஏதோ சினிமாப் பாட்டாம், கேட்டியளா?”

“அப்படியா?” என்கிறேன்.

பழக்கதோஷத்தில், குரலைப் பதிய, கை போனை எடுக்கிறது. அதைக் கண்டதும் முன்னால் நிற்பவர் குரலை நிறுத்திவிடுகிறார். வலை சத்தமில்லாமல் கரையேறுகிறது.