காதில் விழுந்த இரைச்சல்

மார்லா ஸ்டம்போ பொறாமைக்காரி என்பது கிழக்கு கென்டக்கியில் எங்கள் பக்கத்து ஆம்புலன்ஸ்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அவளும் இல்லையென்று சொன்னதில்லை. முப்பத்து மூன்று வயதில் இருந்த வேலையை விட்டுவிட்டு அவள் மறுபடி புத்தகம் தூக்கியதற்குக் காரணம் படிப்பு ஆசை அல்ல. ரெனிடா பிரேட்டர்தான்.

இருவரும் ஆறு வருடம் ஒரே ஆம்புலன்ஸில் ஓடியவர்கள். சுரங்கத்தில் கால் நசுங்கியவனையும் ஓடைக்குள் லாரியை இறக்கியவனையும் சேர்ந்து தூக்கியவர்கள். திடீரென்று ரெனிடா, மலைக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியில் பிஸிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு விண்ணப்பித்தாள். டாக்டர் எட்டிப் பார்க்காத எங்கள் ஊர்களில் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பதும் மருந்து எழுதுவதும் அந்தப் படிப்பு படித்தவர்கள்தான். விஷயம் தெரிந்த அன்றே மார்லாவும் விண்ணப்பித்தாள். ரெனிடாவுக்கு முதல் கடிதத்திலேயே இடம். மார்லாவுக்கோ காத்திருப்போர் பட்டியல். வகுப்பு தொடங்க நாலு நாள் இருக்கையில் யாரோ விலகிக்கொண்டதால் உள்ளே வந்தாள். விலகியவனுக்கு நன்றி சொல்வதா, ரெனிடாவைத் திட்டுவதா என்று அவளுக்கே புரியவில்லை.

வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். ரெனிடாவைத்தான் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். கல்லூரியின் செய்தி மடல் மாதாமாதம் வரும். பள்ளிக் கால்பந்துப் பையன்களுக்கு உடல் பரிசோதனை முகாம்: முன்னின்றவர் ரெனிடா. உணவு வங்கிக்கு டப்பா சேகரிப்பு: ரெனிடா. மாநில அளவில் வினாடி வினா: அதிலும் நடுவில் நின்று சிரிப்பவள் ரெனிடா. மார்லாவின் முகம் ஒரே ஒரு படத்தில் வந்தது. முகம் என்பதுகூட அதிகம், யாரோ ஒருவன் தோளுக்குப் பின்னால் ஒரு காது மட்டும். அந்தக் காதைக் கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து அவள் வயிறெரிந்தாள்.

நவம்பரில் உச்சி முதல் பாதம் வரைக்குமான பரீட்சை வந்தது. சக மாணவர் ஒருவரை மேசையில் உட்காரவைத்து, நாற்பது நிமிடத்துக்குள் உடம்பு முழுவதும் பரிசோதிக்க வேண்டும். கண்டதையும் கேட்டதையும் உரக்கச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இதில் எல்லோரும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுதி உருப்போட்டுவிடுவார்கள். மேசையில் இருப்பவர் கூடப் படிக்கிறவர், அவருக்கு என்ன நோய் இருந்துவிடப் போகிறது? குழாய் நெஞ்சில் படும் முன்பே வாய் 'இதயத்தில் இரைச்சல் இல்லை' என்று ஒப்பித்துவிடும். ரெனிடாவின் நெஞ்சை மார்லாவைத் தவிர மற்ற இருபத்தாறு பேரும் பயிற்சியின்போது ஏதோ ஒரு வாரத்தில் கேட்டு, அப்படித்தான் ஒப்பித்திருந்தார்கள். மார்லா மட்டும் அவளோடு ஜோடி சேராமலே ஒதுங்கி வந்தாள்.

முதல் தடவை மார்லா தோற்றாள். முழங்காலுக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இன்னொரு வாய்ப்பு உண்டு, அதிலும் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சனிக்கிழமை காலை மறுபரீட்சைக்கு மேசையில் உட்கார யார் வருவீர்கள் என்று கேட்டதும் முதலில் தூக்கிய கை ரெனிடாவுடையது. இதுவும் செய்தி மடலில் வரும், படத்தோடு வரும் என்று மார்லா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பரீட்சை வைத்தவர் மிஸ் ஓடெல் காம்ப்ஸ். மலைக் கிளினிக்கில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். மூலையில் உட்கார்ந்து, தாளில் ஒவ்வொன்றாகக் குறி போட்டுக்கொண்டிருந்தார். தலை, கண், கழுத்து, நுரையீரல் எல்லாம் தடங்கலில்லாமல் போயின. இதயத்துக்கு வந்தாள்.

"முன்னால சாஞ்சுக்கோ. மூச்ச முழுசா விட்டுட்டு அப்படியே நிறுத்து."

மற்றவர்கள் இந்த இடத்தில் ஒரு நொடிக்கு மேல் நிற்பதில்லை. மார்லா நிறுத்திவைத்தாள். கவனத்தால் அல்ல. சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாளே, கொஞ்சம் திணறட்டும் என்றுதான். ரெனிடாவின் முகம் சிவந்தது. அந்த நிசப்தத்தில், இரண்டாவது துடிப்பொலிக்குப் பின்னால், சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல மெல்லிய சத்தம் ஒன்று மார்லாவின் காதில் விழுந்தது.

முதலில் வந்தது சந்தோஷம். அதை எப்படி மறைப்பது? இவளிடமும் ஒரு குறை இருக்கிறது, அதைத் தான் கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம். பயம் பிறகுதான் வந்தது. இருபத்தாறு பேர் இல்லையென்று சொன்னதை இருக்கிறது என்று சொல்லி, அது தப்பாகப் போனால் அவள் கதை முடிந்தது. பொறாமையில் உளறினாள் என்று ஊரே சொல்லும், அதுவும் பொய்யாக இராது. உருப்போட்ட வார்த்தைகள் நாக்கில் தயாராக இருந்தன. சொன்னால் குறி விழும், அடுத்து வயிற்றுக்குப் போகலாம். ஆனால் இந்தச் சத்தத்தை உள்ளே வைத்துக்கொண்டு ரெனிடா எழுந்து போய்விடுவாள்.

"ரெண்டாவது ஒலிக்கு அப்புறம் இரைச்சல் கேக்குது," என்றாள்.

ரெனிடா திரும்பிப் பார்த்தாள். "ஏண்டி, பரீட்சையிலயுமா? அத்தனை பேரு கேட்டாச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல."

"கேக்குறத கேக்கலன்னு எப்படிடி சொல்றது?"

மிஸ் ஓடெல் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். ரெனிடாவை மூன்று முறை மூச்சை விட்டு நிறுத்தச் சொன்னார். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு அவள் தோளில் கையை வைத்தபடியே, "உன் நேரம் ஓடிக்கிட்டிருக்கு, மார்லா. காலு இன்னும் பாக்கி," என்றார். மார்லா முழங்காலைத் தட்டி, பாதம் வரை போய் முடித்தபோது நாற்பது நொடி மிச்சம் இருந்தது. பாஸ்.

ரெனிடாவின் இதயத்தில் மூன்று மடல் இருக்க வேண்டிய வால்வில் பிறந்ததிலிருந்தே இரண்டுதான் என்று ஸ்கேன் சொன்னது. வால்வு ஒழுகியது, மேலே பெரிய ரத்தக்குழாயும் வீங்கியிருந்தது. ஜனவரியில் அறுவை சிகிச்சை. அவள் இதயத்துக்கு ஆதரவாக அன்று வகுப்பே சிவப்புக் காலுறை போட்டுக்கொண்டு வந்தது. மார்லாவும் போட்டுக்கொண்டாள். செய்தி மடலில் ஒரு முழுப் பக்கம், கட்டிலில் கட்டைவிரலை உயர்த்திய ரெனிடாவின் படம். 'தேர்வின்போது சக மாணவி ஒருவர் கவனித்ததால்' என்று ஒரு வரி. மார்லா நாலு தடவை படித்தாள். இந்த முறை காதுகூட இல்லை.

மார்ச்சில் ரெனிடா திரும்பி வந்தாள். இனி அடுத்த வகுப்போடுதான் சேர வேண்டும், ஒரு வருடம் பின்னால். சாப்பாட்டு அறையில் மார்லாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள். மார்லா பீன்ஸ் சூப்பில் சோளரொட்டியைப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். உன் காதால்தான் பிழைத்தேன் என்று ரெனிடா ஆரம்பித்ததும் மார்லாவால் பொறுக்க முடியவில்லை.

"காதெல்லாம் இல்ல. நீ திணறணும்னுதான் அவ்வளவு நேரம் நிறுத்தி வச்சேன்."

"தெரியும். ஆறு வருஷம் உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

மார்லா இன்னொரு துண்டு ரொட்டியைப் பிட்டுப் போட்டாள்.

"செய்தி மடல்ல உன் பேர எழுதித்தான் இருந்தாங்க," என்றாள் ரெனிடா. "போட வேணாம்னு நான்தான் சொன்னேன்."

மார்லா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புதுக் குழாய் வாங்கினதுல இருந்து என் நெஞ்ச நானே எத்தனையோ தடவ வச்சுக் கேட்டிருக்கேன். எனக்கு விழல, உனக்கு விழுந்துச்சு. கட்டில்ல படுத்துக்கிட்டு அதையே நெனச்சு நெனச்சு வயிறு எரிஞ்சுச்சுடி எனக்கு. இப்ப நீ எனக்கு முன்னாடி படிச்சு முடிக்கப் போற, அதுக்கும் எரியுது."

மார்லா அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பொய் இல்லை. அந்தக் கண்ணை அவளுக்குத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான். பிறந்து வளர்ந்து இத்தனை வருடத்தில் அவளைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதில்லை. அன்றைக்கு அவள் இன்னொரு கிண்ணம் சூப் வாங்கிக் குடித்தாள்.