பச்சை முத்திரைக்காக ஒரு கித்தாக் கட்டையின் பின்னால்

சிரம்பானிலிருந்து கோலா பிலா பக்கம் போய்த் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதுமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தாராளமாகப் போதும். அந்தப் பாதையில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆனால் யாராவது பேச்செடுத்தால் எனக்கு நினைவுக்கு வருவது தொண்ணூறுகளின் நடுவில், பள்ளி விடுமுறையில் போன ஒரே ஒரு பயணம்தான். அதைச் சொல்லாமல் வழி மட்டும் சொல்ல எனக்கு வராது. அவசரக்காரர்கள் வழி, சாப்பாடு பற்றிய பத்திக்கு நேராகத் தாவிக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்போது நான் சிரம்பானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் அண்ணன் குணா, கோலா பிலாவிலிருந்து பஹாவ் போகும் சாலையில் சின்னதாக ஒரு பலகை மில் வைத்திருந்தார். தோட்டங்களில் பால் வற்றிய கித்தா மரங்களை, அதாவது ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. முன்பெல்லாம் சாய்த்த மரத்தை அங்கேயே போட்டுக் கொளுத்துவார்கள். அண்ணன் அதை வாங்கி, அறுத்து, மருந்தில் முக்கி, நாற்காலி செய்யும் கம்பெனிகளுக்கு அனுப்பினார். மில்லில் எட்டுப் பேர். எல்லாரும் முன்பு பால் வெட்டியவர்கள். செம்பனை வந்ததும் தோட்டத்தில் வேலை குறைந்து இங்கே வந்தவர்கள்.

சிக்கல் ஹாலந்திலிருந்து வந்தது. வழக்கமாகப் பலகை எடுக்கும் வியாபாரி, இது காட்டை அழித்து வெட்டின மரம் இல்லை என்பதற்கு அத்தாட்சி வேண்டும், மாதக் கடைசிக்குள் பதில் இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டான். அவன் போனால் மில்லை மூட வேண்டியதுதான். பெரிய கம்பெனிக்காரர்கள் ஐரோப்பாவிலிருந்தே ஆளை வரவழைத்துச் சான்று வாங்குவார்கள். அண்ணன் மாதிரி ஆட்களுக்கு அரசாங்கம்தான் கதி. நல்லவேளையாக, சுற்றுச்சூழலுக்குக் கெடுதி செய்யாத பொருளுக்குப் பச்சை முத்திரை கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. சோதனைக்கு அனுப்பப்பட்ட அதிகாரி புவான் நோர்மா (புவான் என்றால் திருமதி) என்ற மலாய்ப் பெண்மணி. "பொம்பள ஆபிசர் வராங்க விமலா, கூட ஒரு பொம்பள இருந்தா நல்லா இருக்கும்லா, நீ கூட்டிட்டு வந்துரு," என்றார் அண்ணன். விடுமுறை போச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினேன்.

காலை ஏழரைக்குச் சிரம்பான் பஸ் நிலையத்தில் சந்தித்தோம். அண்ணன் கார் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். மில்காரர் காரில் ஏற மாட்டேன் என்று அந்த அம்மாள் முன்பே மறுத்துவிட்டார். டிக்கெட் ஒரு வெள்ளி தொண்ணூறு காசு. அவருக்கும் சேர்த்து எடுக்கப் போனேன், என் கையை மெதுவாக நகர்த்திவிட்டுத் தன் காசைக் கொடுத்தார். சரிதான், இன்றைக்கு அண்ணன் பாடு திண்டாட்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். ஆனால் புக்கிட் புத்துஸ் மலை வளைவுகள் ஆளை ஒரு வழி பண்ணிவிடும். மூன்றாவது வளைவில் புவான் நோர்மாவின் முகம் வெளுத்தது. பையிலிருந்த உப்பு பிளம்ஸை நீட்டினேன். லஞ்சமா என்பதுபோல ஒரு கணம் பார்த்துவிட்டு, வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். கோலா பிலா போய்ச் சேரும்போது மணி எட்டே முக்கால். அங்கிருந்து வேறு பஸ்ஸில் இருபது நிமிடம், அறுபது காசு.

மில் வாசலைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டி, கோலம் போட்டு, தண்ணீர் தெளித்து, கல்யாண வீடு மாதிரி வைத்திருந்தார் அண்ணன். உள்ளே இன்னும் மோசம். எப்போதும் மலைபோல் குவிந்து கிடக்கும் கட்டைகளில் ஒன்றுகூட இல்லை. அழுக்காகத் தெரியுமே என்று இரண்டு நாள் ஓவர்டைம் போட்டு எல்லாவற்றையும் அறுத்து, பட்டையோடு இருந்த ஓரத் துண்டுகளை எல்லாம் கொதிகலனில் போட்டு எரித்துவிட்டார்கள். வெளுத்த பலகைகள் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையாக நின்றன.

புவான் நோர்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "கட்டை எங்கே?" என்று மலாயில் கேட்டார்.

"எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு, புவான்," என்றார் அண்ணன் பெருமையாக.

புவான் நோர்மா பெருமூச்சு விட்டார். தோட்டத்து மரம் என்பதற்கு அவர் கண்ணால் பார்க்க வேண்டியதே அந்தப் பட்டைதான். பால் வெட்டின கத்தித் தழும்பு அதில்தானே இருக்கும். வெறும் பலகையை வைத்து எந்தத் தோட்டம், எந்த மரம் என்று எதை எழுதுவது என்று கேட்டார். இன்று முடியவில்லை என்றால் அவருடைய அடுத்த சுற்று மூன்று மாதம் கழித்துத்தான். ஹாலந்துக்காரன் அதுவரை காத்திருக்க மாட்டான். பலகை அடுக்கும் சரசு அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்லா, நாலு கட்டையாவது கெடக்கட்டும்னு," என்று வாய்க்குள் சொன்னார். மில்லில் அதிக நாள் வேலை செய்தவர் அவர்தான். இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்த்துக்கொண்டிருந்தார்.

வேறு அதிகாரியாக இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பார். இவரோ, இன்றைக்குத் தோட்டத்தில் மரம் சாய்க்கிறார்களா என்று கேட்டார். பதினோரு கிலோமீட்டரில் சாய்க்கிறார்கள் என்றார் அண்ணன். உடனே அந்த அம்மாள் பையிலிருந்து ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு மில் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா. "மில் வண்டியில் ஏற மாட்டேன் என்றீர்களே?" என்று கேட்டேன்.

"அது பயணம். இது வேலை," என்றார். அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

செம்மண் சாலையில் முக்கால் மணி நேரம் குலுங்கினோம். ஒரு பக்கம் இடுப்புயரச் செம்பனைக் கன்றுகள், மறுபக்கம் இன்னும் சாய்க்காத கித்தா. வெட்டு வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த மண்டோர் ராமையா, அதிகாரி சாய்ந்த மரத்தின் பட்டையைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு என் காதருகே வந்தார். "டீச்சர், செத்த மரத்துக்கு எதுக்கு இவ்ளோ வெசாரணை?" விஷயத்தைச் சொன்னேன். "அட, இதைப் பாத்தாதான் வெள்ளக்காரன் நாற்காலில ஒக்காருவானா," என்றவர், அதன் பிறகு அவரே முன்னால் நடந்து, தலைக்கு மேல்வரை சுற்றிலும் வெட்டுத் தழும்பு நிறைந்த மரங்களாகப் பார்த்துக் காட்டினார். புவான் நோர்மா ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தார். அது துண்டானதும் ஒரு கட்டையின் இரண்டு முனையிலும் சிவப்புக் க்ரேயானால் தன் கையெழுத்தைப் போட்டார். அந்தக் கட்டை பலகையாகும்வரை அதன் பக்கத்தைவிட்டு நகரப்போவதில்லை என்றார். சொன்னபடியே செய்தார். கட்டை ஏற்றும்போது வெயிலில் நின்றார், வரும் வழியில் இரண்டு தடவை இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். அண்ணி அவருக்காகவே மலாய்க் கடையில் வாங்கி வைத்திருந்த மசாக் லெமாக் என்ற தேங்காய்ப்பால் குழம்பு மேசையிலேயே ஆறிப்போனது.

ரம்பத்தில் கட்டை நுழைந்து பலகையாக வந்தது. அண்ணன் கும்பிடாத குறையாக நின்றார். அடுத்தது மருந்துத் தொட்டி. அறுத்த பலகையை அதில் முக்காவிட்டால் நாலு நாளில் கறுத்துப் பூச்சி விழுந்துவிடும். சரசு அக்கா வழக்கம்போல முழங்கை வரை கையை விட்டுப் பலகையை அமுக்கினார். புவான் நோர்மா அவர் கையைப் பிடித்து வெளியே எடுத்துப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் வெடித்து வெளுத்திருந்தது. தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் சின்ன வாய்க்கால் வழியாகப் பின்புற ஓடைக்குப் போவதையும் அவர் பார்த்துவிட்டார்.

மரம் பாஸ், தொட்டி பாஸ் இல்லை என்றார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. தமிழிலேயே என்னிடம் வெடித்தார்: "முத்திரை மரத்துக்குத்தானே? கைக்கும் சேத்தா?"

நான் அதை மலாயில் சொன்னேன். மரம் எங்கிருந்து வந்தது என்பது பாதி, அது பலகையான விதம் மீதி என்று பதில் வந்தது. கையுறை வேண்டும், தொட்டிக்கு மூடி வேண்டும், வழியும் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் குழி வெட்ட வேண்டும், வேலை செய்கிறவர்கள் படிக்கிற மொழியில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். வெட்டவேண்டிய குழியைக் காட்டித்தர அலுவலகமே ஆள் அனுப்பும், அதற்குக் கட்டணம் கிடையாது. மரம் தேறிவிட்டதால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டாம், மூன்று வாரம் கழித்து அவரே மறுபடி வருவார். அதுவரை பொறுத்திருக்கும்படி ஹாலந்து வியாபாரிக்கு அலுவலகத்திலிருந்தே எழுதுவார்கள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அண்ணனின் குரல் இறங்கிவிட்டது. ஒரு சின்ன மில்லுக்காக அரசாங்கம் வெளிநாட்டுக்காரனிடம் பேசும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. சாயங்காலமே கோலா பிலா கடையில் எட்டு ஜோடி கையுறை வாங்கினார், முனகிக்கொண்டேதான். தமிழில் எச்சரிக்கைப் பலகையை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

இனி வழி. புக்கிட் புத்துஸில் இப்போது உயரமாகப் பாலம் கட்டிப் புதுச் சாலை போட்டுவிட்டார்கள், வாந்திக்குப் பயமில்லை. பழைய பாதையும் இருக்கிறது, சொந்த வண்டி என்றால் அதிலேயே போங்கள், மெதுவாக. நான் சொன்ன கட்டணமெல்லாம் அந்தக் காலத்துக் கணக்கு, இன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள். காலையிலேயே கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் செம்மண் சாலை வழுக்கும். அனுமதி கேட்காமல் தோட்டத்துக்குள் நுழையாதீர்கள், கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். கோலா பிலாவில் மசாக் லெமாக் சாப்பிடாமல் திரும்பாதீர்கள், காரத்துக்கு என்னைத் திட்டவும் வேண்டாம். கித்தா மர நாற்காலி வாங்கினால் கவிழ்த்துப் பார்த்து, முத்திரை இருக்கிறதா, எதற்கு என்று கடைக்காரரைக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் அது நிலைக்கும்.

முத்திரை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. புவான் நோர்மா சொன்ன நாளில் வந்தார், நானும் போயிருந்தேன். ஓடைப் பக்கம் போய்ப் பார்த்தார், குழியைப் பார்த்தார், தலையாட்டினார். அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மருந்து எவ்வளவு சரியாகக் கலந்திருக்கிறது பாருங்கள் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியின் மேல் குனிந்தார். சரசு அக்கா கையுறை போட்ட கையால் அவரைத் தடுத்தார்.

"மொதலாளி, போர்ட பாருங்க. கையுறை இல்லாம யாரும் கை வைக்கக்கூடாதுன்னு டீச்சர் எழுதியிருக்காங்க. யாரும்னா நீங்களும்தான்லா."

மற்ற ஏழு பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார், எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தார், பிறகு கையுறை எடுத்துவர உள்ளே போனார்.