கார்டின் முதுகில் சந்தனப் பொட்டு

பயன்படுத்திய பொருள் எதையும், அதை முன்பு எங்கே, எதற்காக ஓட்டினார்கள் என்று விற்பவர் உறுதி கூறாமலும், வாங்குபவர் முழுப் பளுவில் ஓட்டிப் பார்க்காமலும் கணக்கில் ஏற்றக் கூடாது. நான் பணியாற்றிய துறையின் கொள்முதல் விதி இது. பணிக்காலம் முழுவதும் இதைப் பயன்படுத்த எனக்கு ஒரு வாய்ப்புகூட வரவில்லை. அரசு பழைய பொருளை வாங்காது. புதிதாக வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே பழசாக்கும்.

ஸ்டோர்ஸ் சூப்பரின்டென்டென்ட்டாக ஓய்வு பெற்ற பிறகு, செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் இருக்கும் அன்வர் பாயின் கம்ப்யூட்டர் கடையில் பில்லும் ஜிஎஸ்டியும் பார்க்கப் போனேன். முதல் நாள் அவரிடம் சரக்கு இருப்புப் பட்டியல் கேட்டேன். அவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

"எல்லாம் இங்க இருக்குது சூப்ரண்டு சார்."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா?"

"கடை லீவு."

இதைவிட எளிய நிர்வாக முறையை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை. அந்தக் கடையில்தான் அந்த விதி கடைசியில் எனக்குப் பயன்பட்டது. பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்க நினைக்கும் இளைஞர்களுக்கு உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

மூன்று விலைப்புள்ளிகள்

ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை கலைவாணி கடைக்கு வந்தார். சிங்கவரத்துக்காரர், வயது முப்பதுக்கு மேல் இருக்கும். ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. ஓய்வு நேரத்தில் போனில் கேம். கேமில் எங்கே சுவருக்குள் கால் புகுகிறது, எங்கே துப்பாக்கி அந்தரத்தில் தொங்குகிறது என்று கண்ட தவறுகளையெல்லாம் அதைத் தயாரித்தவர்களுக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே கேம் சோதிக்கும் வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டுவிட்டது.

"தப்பு கண்டுபிடிக்கிறதுக்கு சம்பளமா?" என்றார் அன்வர் பாய். "எங்க வீட்ல அதைச் சும்மாவே செய்யறாங்க."

"உங்க வூட்ல ரிப்போர்ட் எழுதித் தர மாட்டாங்க பாய். நான் தருவேன்."

வேலைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும். எட்டு ஜிபி நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கம்பெனி அனுப்பும் சோதனை கேமை ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட்டி, அதன் அறிக்கையை வீட்டிலிருந்தே அடுத்த வார வெள்ளி மாலைக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. கையில் இருந்தது முப்பத்தைந்தாயிரம். அதற்கு மேல் வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஜவுளிக்கடையில் நோட்டீஸ் கொடுத்தாயிற்று என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அன்வர் பாய் மூன்று விலை சொன்னார். எல்லாமே புதிது என்றால் பணத்துக்குள் அடங்கும், ஆனால் கார்டு நாலு ஜிபிதான் வரும். சென்னையிலிருந்து பழைய செட் ஒன்று முழுசாக வரும். கார்டும் எட்டு ஜிபி, விலையும் குறைவு, ஏழு நிறத்தில் விளக்கு வேறு எரியும். மூன்றாவது, பாதி புதிது பாதி பழசு. ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

நான் வாழ்நாள் முழுவதும் குறைந்த விலைப்புள்ளிக்குக் கையெழுத்துப் போட்டவன். நிபந்தனையும் பூர்த்தியாகிறது, விலையும் குறைவு என்றால் பேனா தானாக இரண்டாவதை நோக்கிப் போகும். கலைவாணி கேட்ட கேள்வி வேறு.

"பாய், இதுல எது கெட்டா மத்ததெல்லாம் சேந்து போவும்?"

"பவர் சப்ளை. அது ஊருக்குப் போறப்ப தனியா போகாது, குடும்பத்தோட போகும்."

"அந்த விளக்கு எரியற செட்ல பவர் சப்ளை இன்னா கம்பெனி?"

பாய் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புலிப் படம் ஒட்டியிருந்தது.

மூன்றாவது வழி முடிவானது. அதில் நாங்கள் வைத்துக்கொண்ட முறை இன்றும் செல்லும். பவர் சப்ளையும், தகவல் சேமிக்கும் எஸ்எஸ்டியும் புதிது, பில்லோடு. ப்ராஸசர், ராம் இரண்டும் பழசு; அவற்றில் தேயும் பாகம் கிடையாது, ஓடினால் ஓடும். மதர்போர்டு பழசு, ஆனால் எல்லா போர்ட்டிலும் எதையாவது செருகிப் பார்த்த பிறகு. கேபினெட் எதுவானாலும் சரி, காற்றுப் போகும் வழி இருந்தால் போதும். விளக்குக்குக் காசு இல்லை. மிச்சப் பணம் எல்லாம் கார்டுக்கு.

நம் ஊர் கரண்டைப் பற்றி யாரும் கேட்காததால் நானே நினைவுபடுத்தி, பாயின் பழைய யூபிஎஸ் ஒன்றைப் பட்டியலில் சேர்த்தேன். அதற்குப் புதுப் பேட்டரி போட்டுத் தந்தார். அவருக்கு அது மனவருத்தம்தான்.

முருகையனின் பெருமை

கார்டு கொண்டுவந்தவர் முருகையன். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். கார்டைக் குழந்தையைப்போல் துண்டில் சுற்றியிருந்தார்.

"வூட்ல வெச்சிருந்தது சார். பையன் எப்பனா கேம் ஆடுவான். அவ்ளோதான்."

"வேற எதுக்கும் ஓட்டலையே?" என்றேன்.

"சத்தியமா இல்ல சார். பூ மாதிரி பாத்துக்கினோம்."

பவர் கனெக்டரில் கருகல் இல்லை. ஸ்க்ரூக்களில் திருகிய தழும்பு இல்லை. டிஸ்ப்ளே போர்ட் துருப்பிடிக்கவில்லை. நான் திருப்தியடையத் தொடங்கிய நேரத்தில் கலைவாணி கார்டைத் திருப்பினார். போன் டார்ச்சை அதன் முதுகில் அடித்தார்.

"இன்னாது சார் இது, மஞ்சளா?"

உலோகத் தகட்டின் நடுவில் வட்டமாக ஒரு காய்ந்த கறை. அதன் மேல் சிவப்பாக ஒரு புள்ளி.

முருகையன் முகம் மலர்ந்தது. "ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டும்மா. வருசா வருசம் வெச்சுருவோம். ஒரு கார்டைக்கூட வுட மாட்டோம்."

அன்வர் பாய் டீ கிளாஸை மேசையில் வைத்தார்.

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஆயுத பூஜைக்குக் கேபினெட்டின் நெற்றியில்தான் பொட்டு வைப்பார்கள். மூடிய பெட்டிக்குள் இருக்கும் கார்டின் முதுகைத் தேடிப் போய் யாரும் சந்தனம் தடவ மாட்டார்கள். பொட்டு அங்கே விழ வேண்டுமென்றால் கார்டு திறந்த ரேக்கில், மற்ற கார்டுகளோடு வரிசையாக நின்றிருக்க வேண்டும். அப்படிக் கார்டுகளை நிறுத்துவது காயின் மைனிங்குக்கு. அதாவது கணக்குப் போட்டு டிஜிட்டல் காசு எடுப்பதற்கு, இரவும் பகலும் நிறுத்தாமல்.

"எத்தினி கார்டு?" என்றார் பாய்.

முருகையன் துண்டை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"ஆறு."

"எங்க?"

"மச்சான் ரைஸ் மில்லு மாடியில."

"தவிடு பறக்குமே அங்க."

"ஜன்னல் சாத்திடுவோம் பாய்."

"காத்தும் வராம பாத்துக்கினீங்க. பூ மாதிரிதான்."

நான் விதியைச் சொன்னேன். பொய்யான உறுதி கூறியவரின் பொருள் நிராகரிக்கப்பட வேண்டும், மேற்கொண்டு பேச்சில்லை. முருகையன் எழுந்துவிட்டார். கலைவாணி எழவில்லை.

"சார், பொய் சொன்னது அவரு. கார்டு இன்னும் ஒண்ணும் சொல்லல. ஓட்டிப் பாத்துரலாமே?"

என் பணிக்காலத்தில் எந்த ஆடிட்டரும் இப்படி ஒரு குறிப்பு எழுதியதில்லை. விதியின் இரண்டாம் பாதியும் அதைத்தான் சொல்கிறது. எட்டு ஜிபி கார்டு அந்த விலைக்கு வேறு கிடைக்கவும் இல்லை. முழுப் பளுவில் ஓட்டினோம். ஃபேன் ஒன்று லேசாக முனகியது. படம் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. பாய் விலையைக் குறைத்தார். நான் என் பங்குக்குக் கான்ட்ராக்டர்களிடம் செய்வதைச் செய்தேன். கால் பங்குப் பணத்தைப் பிடித்தம் செய்து, கம்பெனி மிஷினை ஏற்றுக்கொண்டது என்று பதில் வந்த பிறகே தருவோம் என்றேன்.

"பாலம் கட்டறோமா சார் இங்க?" என்றார் முருகையன்.

"பாலமா இருந்தா பாதி பிடிச்சிருப்பேன்."

கடையில் ஓடியது, வீட்டில் ஓடவில்லை

செட்டை வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு, அடுத்த வாரம் புதன்கிழமை பிற்பகல் கலைவாணி போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது.

"சார், இருவது நிமிசம்தான் ஓடுது. ஸ்க்ரீன் கறுப்பாயிடுது. மூணு தடவ ஆயிடுச்சு."

பாயும் நானும் பாயின் ஸ்கூட்டரில் சிங்கவரம் போனோம். கம்ப்யூட்டர் இருந்தது மாடியில், தகரக் கூரை போட்ட அறையில். சுற்றிலும் பாறை மலைகள். மதியத்துக்கு மேல் அவையும் வாங்கிய வெயிலைத் திருப்பிக் கொடுக்கும். நாங்கள் முழுப் பளுவில் ஓட்டிப் பார்த்தது ஏசி போட்ட கடையில். அந்த அறைக்குள் நுழைந்ததும், விதியில் ஓட்டும் இடத்தைப் பற்றியும் ஒரு வரி இருந்திருக்கலாம் என்று பட்டது.

"கீழ வெச்சா?" என்றேன்.

"கீழ நைனாவுக்கு டீவி ஓடணும் சார். ஓட்டறது சத்தத்தோட ரெக்கார்ட் ஆவும், அதுல டீவி கேட்டா கம்பெனி கேள்வி கேப்பாங்க."

பாய் கார்டைக் கழற்றித் திறந்தார். சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகப் பொரிந்திருந்தது. அதே வேலைக்கு ஒட்டியிருந்த ரப்பர் பேடுகள் தொட்டால் அப்பளம்போல உடைந்தன. ஒரு ஃபேன் விரலால் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றது. பேஸ்டும் பேடும் கடையில் உண்டு. அந்த ஃபேன் சென்னையில் சொல்லி வரவழைக்க ஒரு வாரம் ஆகும். கெடு வெள்ளி மாலை.

கலைவாணி உடைந்த பேடுகளைக் காகிதத்தில் கூட்டி எடுத்தார். "ஜவுளிக்கடைல இன்னிக்கித்தான் புதுப் பொண்ணு சேந்துச்சு" என்றார் பிறகு.

முருகையனை அழைத்தேன். முழுப் பணமும் வாங்கிப்போன விற்பனையாளர் இந்த மாதிரி நேரத்தில் போனை எடுப்பதில்லை என்பது என் நீண்ட அனுபவம். முருகையன் முதல் மணியிலேயே எடுத்தார்.

"பதில் வந்துருச்சா சார்?"

"ஃபேன் நின்னுடுச்சு. பதில் எப்படி வரும்?"

"செத்துப்போன கார்டு ஒண்ணு மில்லுல கெடக்குது. அதுல ஃபேன் நல்லாத்தான் இருந்துச்சு. எடுத்தாரேன்."

வியாழன் காலை பஸ்ஸில் வந்தார், மறுபடி துண்டுச் சுற்றலோடு. அந்தக் கார்டின் முதுகிலும் பொட்டு இருந்தது. பாய் ஃபேனை மாற்றினார். புதுப் பேஸ்ட், புதுப் பேடு போட்டார். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, கொசுவலைத் துணியைக் கட்டினார். எந்தக் கையேட்டிலும் இல்லாத வேலை அது. காலையில் ஓட்டலாம் என்றார் முருகையன். கலைவாணி ஒப்புக்கொள்ளவில்லை. வேலை பகலெல்லாம், மதிய வெயிலில்தான் ஓட்டுவேன் என்றார்.

அதனால் வெயில் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கிய நேரத்தில், நான்கு பேர் தகரக் கூரைக்குக் கீழே வியர்த்து உட்கார்ந்து, திரையில் ஒருவன் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் கரண்ட் போனது. யூபிஎஸ் கீச்சென்றது, திரை அணையவில்லை. பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. கரண்ட் வந்தது. ஒரு மணி நேரம் முடிந்து அறிக்கை திரையில் வந்தபோது, முதலில் கைதட்டியவர் முருகையன். அவருக்குக் கால் பங்கு காரணம் இருந்தது.

பதில்

அறிக்கை வியாழனே போய்விட்டது. கம்பெனியிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு நினைவூட்டு மடல் எழுதிக் கொடுத்தேன்: பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு. கலைவாணி படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"நல்லா இருக்குது சார். ஆனா இதப் பாத்தா நான் கேஸ் போட்டுட்டன்னு நெனச்சுப்பாங்க."

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. முருகையன் ஒரு நாள் விடாமல் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் பணத்துக்காகத்தான் கேட்டார். பிறகு, "அந்தப் பொண்ணு சாப்டுதா, டென்ஷனா இருக்குதா?" என்றும் கேட்க ஆரம்பித்தார்.

இளைஞர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பழைய கார்டு வாங்கும்போது மைனிங்கில் ஓடியதா என்று கேட்காதீர்கள். எல்லோரும் இல்லை என்பார்கள். பூஜை போட்டீர்களா, பொட்டை எங்கே வைத்தீர்கள் என்று கேளுங்கள். எந்த வெயிலில் ஓட்டப்போகிறீர்களோ அந்த வெயிலில் ஓட்டிப் பாருங்கள். கொஞ்சம் பணத்தைப் பிடித்து வையுங்கள். மனிதர்கள் போனை எடுப்பார்கள்.

பொரி கடலை சாப்பிட வாருங்கள் என்று கலைவாணி அழைத்திருந்ததால் பாயும் நானும் சிங்கவரம் போயிருந்தோம். முருகையனும் வந்திருந்தார். கலைவாணி சந்தனக் கிண்ணத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் நின்று, எங்கே வைப்பது என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே குரலில் கேபினெட் மேலே என்றோம். அவர் பொட்டு வைத்துவிட்டு, விரலில் சந்தனத்தோடேயே மவுஸைத் தொட்டு மெயிலைத் திறந்தார், படித்தார், திரும்பி முருகையனைப் பார்த்து, "உங்க பாக்கியை வாங்கிக்கிங்கண்ணா" என்றார்.

பதில் வந்த நாள், ஆயுத பூஜை.