கூப்பன் தேடச் சொன்ன அக்கா

என் அக்கா ஒரு நர்ஸ். அத்தான் வாதம் வந்து படுத்த பிறகு, ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு அவரோடு வீட்டில் இருந்துவிட்டாள். படுத்த படுக்கையாக இருப்பவரை எப்படிக் குளிப்பாட்டுவது, இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போட்டு முதுகில் புண் வராமல் எப்படிக் காப்பது என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி ஓர் இணையதளம் நடத்தினாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எழுதினாள்.

படுக்கைப் புண்ணைத் தடுக்கும் காற்று மெத்தை விற்கும் கம்பெனி ஒன்றின் விளம்பரம் அதில் இருந்தது. அதைத் தட்டிப் போய் யாராவது மெத்தை வாங்கினால் அக்காவுக்குக் கமிஷன். வீடு ஓடியது அதில்தான். அது நின்றால் அக்கா மறுபடி வார்டுக்குப் போக வேண்டும். அத்தான் தனியாகக் கிடக்க வேண்டும்.

முதலில் நன்றாகத்தான் வந்தது. பிறகு தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போனது. இத்தனைக்கும், "உங்களால்தான் மெத்தை வாங்கினோம்" என்று ஆட்கள் எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள். விற்பனை இல்லாத தளங்களைக் கமிஷன் திட்டத்திலிருந்து நீக்கப்போவதாகக் கம்பெனியிலிருந்து மெயில் வந்ததும் என்னைக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் சிக்கலென்றால் எங்கள் குடும்பத்துக்கு நான்தான் டாக்டர்.

கட்டுரைகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். ஒவ்வொன்றின் கடைசியிலும் புதிதாக ஒரு வரி: 'பணம் கட்டும் முன் தள்ளுபடிக் கூப்பன் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.'

"ஏன்க்கா இப்படி எழுதின?"

"ஆஸ்பத்திரிக்கு அழுது அழுது ஓஞ்சவங்கடா. நாலு காசு மிச்சமாகட்டுமேன்னுதான்."

"கடைசியா எந்தத் தளத்துல தட்டிட்டு வந்து வாங்குறாங்களோ, விற்பனை அந்தத் தளத்துக்காரன் கணக்குலதான் ஏறும். கடை வாசல் வரைக்கும் நீ கூட்டிட்டுப் போற. வாசல்ல கூப்பன் குடுக்குற தளத்துக்காரன் அள்ளிட்டுப் போறான்."

"அப்போ நான் எழுதினது?"

"கமிஷன் கணக்குப் போடுற மிஷினுக்கு அது தெரியாதுக்கா."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். விளம்பரப் பிரிவு மேனேஜர், அக்கா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களைத் தெரியும் மேடம்," என்றார் தயங்கி. "நான் இங்க சேர்றதுக்கு முன்னாடி எங்கப்பா படுத்துட்டாரு. உங்களைப் படிச்சுத்தான் மெத்தையே வாங்கினேன்."

அக்காவின் முகம் மலர்ந்தது. "அப்போ நீங்களே சாட்சி சொல்லலாமே தம்பி!"

"நானும் கூப்பன் தேடித்தானே மேடம் வாங்கினேன். அந்த விற்பனையும் கூப்பன்காரன் பேர்லதான் கிடக்கு. கணக்குத் திரையில இல்லாததை எதைக் காட்டி நான் வாதாடுறது? நீக்குற பட்டியலும் மேலிடத்துக்குப் போயிடுச்சு. என் கையில எதுவும் இல்ல."

நான் வரிந்து கட்டிக்கொண்டு வாயைத் திறந்தேன். அக்கா கையமர்த்தினாள்.

"அப்பாவுக்கு முதுகுப் புண் ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு மேடம்."

"குதிகால்லயும் புண்ணு வரும், பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

பழைய ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமையே வரச் சொன்னார்கள், பகல் ஷிப்ட். கூலிக்கு ஆள் வைக்க வழியில்லை. எனக்கோ நாள் முழுக்க ஆபீஸ். அத்தானின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவர் வாய் குழறக் கேட்டார்.

"மத்தியானத்துல என்னை யாரு திருப்பிப் போடுவா?"

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.